விண்மீனை முதலில் வரையுங்கள்

(டிஜிட்டல் ஓவியம் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விண்வெளிக் காட்சிகளை, அதிலும் குறிப்பாக வாயுவும் தூசியும் சேர்ந்த மேகங்களான நெபுலாக்களை, கணினியில் மெய்யாகத் தோன்றும்படி வரைவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இதைக் கற்றுத்தரும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை ஒரே வழியைத்தான் காட்டுகின்றன. கறுப்புப் பின்னணியை எடுத்துக்கொள். மேக பிரஷ்ஷால் ஊதாவும் இளஞ்சிவப்பும் தீட்டு. மேலே வெள்ளைப் புள்ளிகளைத் தூவு. இரண்டு மூன்று புள்ளிகளுக்கு ஒளிவட்டம் போடு. அரை மணி நேரத்தில் படம் தயார். பார்க்க அழகாகவும் இருக்கும். அதன் பக்கத்தில் ஹபிள் தொலைநோக்கி எடுத்த ஒரு படத்தை வைத்துப் பாருங்கள். நம் படம் சட்டென்று வெளிறிப்போகும். நிறத்திலோ நுணுக்கத்திலோ குறை என்று நினைத்து இன்னும் பத்து லேயர் சேர்ப்போம். அப்போதும் சரியாகாது.

ஏன் சரியாகாது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நெபுலா காரணத்தோடு ஒளிர்கிற பொருள். எந்த விண்மீன் அதை ஒளிர வைக்கிறது, அந்த விண்மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முடிவு செய்யாமல் நாம் போடும் ஒவ்வொரு தீற்றலும் ஊகமாகவே நிற்கும். மேகத்தை வரைவதற்கு முன் விண்மீனை வரையுங்கள். என் பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பாடநூல், அஞ்சல்தலை, டி-ஷர்ட், கணினித் திரை என்று அது போகாத இடமில்லை. கழுகு நெபுலாவின் நடுவே எழுந்து நிற்கும் மூன்று தூண்கள். 'படைப்பின் தூண்கள்' என்று பெயர். 1995 ஏப்ரல் 1 அன்று ஹபிள் தொலைநோக்கி எடுத்த படம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் உருவாக்கியது. நான்கு கேமராக்கள் பதிந்த 32 தனித்தனிப் படங்களை இணைத்திருக்கிறார்கள். அந்த இடம் நம்மிடமிருந்து சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இடப்பக்கத்துப் பெரிய தூணின் நீளம் மட்டும் ஏறத்தாழ 4 ஒளியாண்டு. சூரியனிலிருந்து அதற்கு மிக அருகிலுள்ள விண்மீனுக்குப் போகும் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அந்தப் பெரிய தூணின் உச்சியை மட்டும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் விளிம்பு கூர்மையாக, பளிச்சென்று இருக்கிறது. அந்த விளிம்பிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பி, விளிம்புக்குச் செங்குத்தாக வெளியே போகிறது. விளிம்புக்கு உட்புறம் பழுப்பு. அதற்கும் உள்ளே இருட்டு. விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்ன விரல்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சின்ன என்று சொல்கிறேன். ஒவ்வொரு விரல்நுனியும் நம் சூரியக் குடும்பத்தைவிடப் பெரியது. இனி அப்படியே கீழே இறங்கி வாருங்கள். தூணின் அடிப்பகுதியில் அந்தக் கூர்மை இல்லை. எங்கே தூண் முடிகிறது, எங்கே பின்னணி தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

மேலே கூர்மை, கீழே மங்கல். இதற்குக் காரணம் படத்தின் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. மேற்புறத்தில் இளம் விண்மீன்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் பெரியவை சூரியனைவிடப் பல மடங்கு வெப்பமானவை. புற ஊதாக் கதிரை வாரி இறைப்பவை. அந்தக் கதிர் மேகத்தை அரித்துக்கொண்டே வருகிறது. அடர்த்தி குறைந்த இடம் முதலில் கரைகிறது. அடர்த்தி மிகுந்த முடிச்சு தாக்குப்பிடிக்கிறது. தனக்குப் பின்னால் இருக்கும் வாயுவுக்கு நிழல் தருகிறது. அந்த நிழலில் மிஞ்சி நிற்பதுதான் தூண். விரல்களும் அப்படித்தான், ஒவ்வொரு விரல் நுனியிலும் கரைய மறுக்கும் ஒரு முடிச்சு. அதனால்தான் எல்லாத் தூண்களும், எல்லா விரல்களும் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்க்கின்றன. படத்தில் தென்படாத விண்மீன்கள்தான் அந்தப் படத்தின் ஒவ்வொரு கோட்டையும் போட்டிருக்கின்றன.

இதை அறிந்து வரைகிறவருக்கும் அறியாமல் வரைகிறவருக்கும் இடையே உள்ள தூரம், எந்த பிரஷ்ஷாலும் கடக்க முடியாதது. மேக பிரஷ் எதற்காகச் செய்யப்பட்டது? பூமியின் மேகத்துக்காக. பூமியின் மேகத்துக்கு மேல் உண்டு, கீழ் உண்டு. அடி தட்டையாக இருக்கும், தலை உருண்டிருக்கும், வெயில் வெளியிலிருந்து விழும். நெபுலாவுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அதற்கு இருப்பது விண்மீன் பக்கம், மறுபக்கம் என்ற இரண்டு பக்கங்கள்தான். தூண்கள் நிமிர்ந்து நிற்பதுகூடப் படத்தை அப்படித் திருப்பி வைத்தவர்களின் தேர்வு. எலிசபெத் கெஸ்லர் என்ற கலை வரலாற்றாசிரியர் 2012இல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை வரைந்த தாமஸ் மோரன், ஆல்பர்ட் பியர்ஸ்டாட் போன்ற நிலக்காட்சி ஓவியர்களின் பாறைகளும் பள்ளத்தாக்குகளும் ஹபிள் படங்களின் அமைப்பிலும் ஒளியிலும் தென்படுகின்றன என்பது அவர் வாதம். எனக்கு அது முழுக்க உடன்பாடு. அறிவியல் படங்களுக்குள்ளும் ஓவியரின் கண் வேலை செய்திருக்கிறது. நம் கூட்டத்துக்கு இது பெருமைதான்.

சரி, நிறத்துக்கு வருவோம். நெபுலாவின் நிறம் நம் விருப்பத்தைப் பொறுத்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வாயு தன் இஷ்டத்துக்கு எந்த நிறத்திலும் ஒளிர்வதில்லை. புற ஊதாக் கதிர் பட்டு ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரான் பிய்த்துக்கொண்டு போகிறது. திரும்பி வந்து சேரும்போது ஒளியை உமிழ்கிறது. அதில் வலுவான ஒளி 656.3 நானோமீட்டரில் விழுகிறது, ஆழ்ந்த சிவப்பு. அதோடு 486.1 நானோமீட்டரில் கொஞ்சம் நீலமும் சேர்கிறது. இரண்டும் கலந்துதான் கேமராவில் நாம் காணும் அந்த இளஞ்சிவப்பு. இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் நீலம் கலந்த பச்சையைத் தருகிறது. கந்தகம் 672 நானோமீட்டர் அருகே மீண்டும் சிவப்பு.

இந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் என்ற ஆங்கிலேய வானியலாளர் பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத பச்சைக் கோடுகள் அதில் இருந்தன. நெபுலாவில் மட்டும் இருக்கும் புதுத் தனிமம் என்று கருதி அதற்கு 'நெபுலியம்' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் புதிர் நீடித்தது. 1927இல் ஐரா போவன்தான் அது சாதாரண ஆக்சிஜன் என்று காட்டினார். நாம் உண்டாக்கும் வெற்றிடங்களில்கூட அணுக்கள் ஒன்றோடொன்று அடிக்கடி மோதிக்கொள்கின்றன. அந்தப் பச்சையை உமிழும் அளவுக்கு ஆக்சிஜனுக்கு அமைதியான நேரம் கிடைப்பதில்லை. நெபுலாவின் வெறுமையில் கிடைக்கிறது. பச்சை வண்ணத்தைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்த வெறுமை நினைவுக்கு வரும்.

ஓவியருக்கு இதிலிருந்து கிடைப்பது என்ன? நிறத்துக்கு இடம் உண்டு. ஆக்சிஜனிடமிருந்து இரண்டு எலெக்ட்ரான்களைப் பிடுங்க, ஹைட்ரஜனிடமிருந்து ஒன்றைப் பிடுங்குவதைவிட வீரியமான கதிர் வேண்டும். அது வெப்பமான விண்மீனுக்கு அருகில்தான் கிடைக்கும். ஆகவே விண்மீனை ஒட்டி நீலப்பச்சை; விலக விலகச் சிவப்பு. வளைய நெபுலாவின் படத்தைப் பாருங்கள்: உள்ளே நீலப்பச்சை, வெளிவிளிம்பில் சிவப்பு. இந்த வரிசையை மட்டும் கடைப்பிடித்தாலே உங்கள் படத்தில் பாதி மெய் வந்துவிடும்.

தூண்களின் படத்தில் ஹைட்ரஜன் பச்சையாகத்தானே இருக்கிறது என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஹபிள் கேமரா பதிவது கறுப்பு வெள்ளைப் படம். ஒவ்வொரு வாயுவின் ஒளியையும் தனித்தனி வடிகட்டி வழியே பதிந்து, பின்னர் நிறம் கொடுக்கிறார்கள். 1995இல் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்தார்கள். காரணம் எளியது. உள்ளபடியே விட்டால் ஹைட்ரஜனும் கந்தகமும் ஒன்றோடொன்று கலந்த வெறும் சிவப்பாகிவிடும். எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. அலைநீளத்தின் வரிசையை மட்டும் காப்பாற்றி, நிறங்களை விரித்து வைத்தார்கள். நீளமான அலைக்குச் சிவப்பு, குறுகியதற்கு நீலம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பில் பார்க்கிறது. அதன் படங்களிலும் இதே வரிசைதான். இது ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. விதியை முன்கூட்டிச் சொல்லிவிட்டு, படம் முழுவதும் அந்த விதியை மீறாமல் நடப்பது நேர்மை.

நீங்களும் அப்படி ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். இயல்பு நிறமா, ஹபிள் வரிசையா, அகச்சிவப்பா என்று தொடங்குமுன் முடிவு செய்யுங்கள். ஒரே படத்தில் ஒரு மூலையில் ஹைட்ரஜன் சிவப்பாகவும் மறு மூலையில் பச்சையாகவும் இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

கண்ணுக்கு நெபுலா எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில்தான் அதிகமான தவறு நடக்கிறது. ஒளிரும் இளஞ்சிவப்பு மேகங்களுக்கு நடுவே விண்கலம் மிதந்து போகிற காட்சியை எல்லோரும் வரைகிறோம். உண்மையில் நெபுலாவை நெருங்க நெருங்க அது பெரிதாகத் தெரியுமே தவிர, பிரகாசம் அதிகரிக்காது. அருகில் போகும்போது வந்து சேரும் ஒளி அதிகமாகும்; அந்த ஒளி அதே அளவுக்கு விரிந்த பரப்பில் பரவிவிடும். ஆகவே இங்கிருந்து மங்கலாக இருப்பது அங்கே போனாலும் மங்கல்தான். ஓரியன் நெபுலாவின் அடர்ந்த பகுதியில்கூட ஒரு கன சென்டிமீட்டரில் ஆயிரக்கணக்கான அணுக்கள்தான். நம் அரங்கின் காற்றில் அதே இடத்தில் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அவ்வளவு மெல்லிய பொருள் ஒளிர்வதாகத் தெரிவதற்கு ஒரே காரணம் அதன் ஆழம். ஒளியாண்டுக் கணக்கில் நீளும் ஆழம்.

ஓரியனை நீங்களே பார்க்கலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை, திருவாதிரை விண்மீன் இருக்கும் அந்தக் கூட்டத்தில், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுக் கீழே பஞ்சுபோல ஒரு மங்கல் தெரியும். சிறு தொலைநோக்கியில் பார்த்தால் சாம்பல் நிறம்; கொஞ்சம் பெரியதில் இலேசான பச்சை. சிவப்பு தெரியாது. மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறம் காணும் செல்கள் ஓய்ந்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் செல்களுக்கு ஏறத்தாழ 500 நானோமீட்டரில்தான் உணர்வு அதிகம். ஆக்சிஜனின் பச்சை மிகச் சரியாக அங்கே வந்து விழுகிறது.

அப்படியானால் மெய்யாக வரைவது என்றால் சாம்பலாக வரைவதா? தேவையில்லை. மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துவைக்கும் கேமரா காண்பதும் மெய்தான். ஆனால் கேமராவின் கண்ணைத் தேர்ந்துகொண்டால் கேமராவின் ஒழுங்கையும் ஏற்க வேண்டும். பிரகாசமான விண்மீனைச் சுற்றி நான்கு முனைக் கூர்கள் வரைகிறோமே, அவை ஹபிளின் இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளால் வருபவை. ஜேம்ஸ் வெப்பின் கண்ணாடிகள் அறுகோணம். அதில் ஆறு பெரிய கூர்களும் இரண்டு சிறிய கூர்களும் வரும். ஒரு படத்தில் எல்லா விண்மீன்களின் கூர்களும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் எடுத்தது ஒரே தொலைநோக்கி. பரந்து ஒளிரும் வாயுவுக்குக் கூர் வராது. புள்ளியாகத் தெரிவதற்கு மட்டுமே வரும். பல படங்களில் ஒரு விண்மீனுக்கு நான்கு கூர், பக்கத்து விண்மீனுக்கு ஆறு கூர், அதுவும் சாய்வாக. அதைப் பார்த்ததுமே படத்தின் மீதுள்ள நம்பிக்கை போய்விடுகிறது.

அடுத்தது தூசி. ஓவியர்கள் வாயுவைக் கொண்டாடுகிறார்கள், தூசியை மறந்துவிடுகிறார்கள். உருவத்தைத் தருவதே தூசிதான். வீட்டில் சாம்பிராணி போடும்போது கவனித்திருப்பீர்கள். இருண்ட சுவரை ஒட்டிப் போகும் புகை நீலமாகத் தெரியும். அதே புகை வெயில் விழும் ஜன்னலுக்கு முன்னால் வந்தால் பழுப்பாகத் தெரியும். நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடிக்கின்றன, சிவப்பைக் கடக்கவிடுகின்றன. விண்வெளியிலும் இதே கதைதான். நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டத்தைச் சுற்றி நீல மூட்டம் இருக்கிறது; அது தானாக ஒளிர்வதில்லை, அந்த விண்மீன்களின் ஒளியைத் தூசி சிதறடிப்பதால் வரும் நீலம். அதே போன்ற தூசி ஒளிரும் வாயுவுக்கு முன்னால் வந்து நின்றால் குதிரைத்தலை நெபுலா. 1888இல் ஹார்வர்டு வான்காட்சியகத்தின் கண்ணாடித் தகடு ஒன்றில் அந்த உருவத்தை முதலில் கண்டுபிடித்தவர் வில்லியமினா ஃபிளெமிங் என்ற பெண்மணி.

தொலைவைக் காட்டுவதற்கும் தூசியே வழி. ஓவியப் பள்ளியில் நாம் கற்ற பாடம், தூரத்து மலை நீலமாகும், வெளிறிப்போகும் என்பது. காற்று நீலத்தைச் சேர்ப்பதால் வருவது அது. விண்வெளியில் நமக்கும் பொருளுக்கும் இடையே இருப்பது தூசி. அது நீலத்தைக் கழிக்கிறது. ஆகவே தூசிக்கு அப்பால் இருப்பது மங்கும், சிவக்கும். பூமியின் பழக்கத்தில் தூரத்து நெபுலாவுக்கு நீலம் பூசினால், நிலக்காட்சியைக் கொண்டுபோய் வானத்தில் ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

இனிக் கணினிக்கு முன்னால் உட்காருவோம். போட்டோஷாப், கிரிட்டா, எதுவாயினும் சரி. 16 பிட் ஆழத்தில் கோப்பைத் திறவுங்கள். 8 பிட்டில் மெல்லிய ஒளிச்சரிவுகள் பட்டைபட்டையாக உடையும். முதல் லேயரில் விண்மீனின் இடத்தைக் குறியுங்கள். சட்டத்துக்கு வெளியே இருந்தால் கேன்வாஸைப் பெரிதாக்கி அங்கேயே குறியுங்கள். அதிலிருந்து எல்லாத் திசையிலும் கோடுகள் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அழித்துவிடலாம். பிறகு லேயர்களை விண்வெளியில் பொருள்கள் நிற்கும் வரிசையிலேயே அடுக்குங்கள்: பின்னணி விண்மீன்கள், அவற்றை மறைக்கும் தூசி, ஒளிரும் வாயு, அதற்கு முன் நிற்கும் தூசி, கடைசியாக நமக்கு அருகிலிருக்கும் சில விண்மீன்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வாயு ஒளியைக் கூட்டுகிறது; தூசி ஒளியைக் குறைக்கிறது. ஆகவே வாயுவுக்கு 'ஸ்கிரீன்' அல்லது 'லீனியர் டாட்ஜ்', தூசிக்கு 'மல்டிப்ளை'. நார்மல் மோடில் தீட்டப்பட்ட நெபுலா பெயின்ட் அடித்த சுவர்போல் நிற்பதற்குக் காரணம் இதுதான். பின்னால் இருக்கும் விண்மீன்களை வாயு மறைக்கக் கூடாது, தூசி மறைக்க வேண்டும். தூசி லேயரில் கறுப்பைத் தொடாதீர்கள், செம்பழுப்பை எடுங்கள். ஓரத்தில் மெலியும்போது பின்னால் இருக்கும் ஒளி சிவந்து கசியும்.

உருவத்தைக் கையால் வரைய முடியாதவர்கள் நாய்ஸ் என்ற கணித முறையை நாடலாம். கென் பெர்லின் உருவாக்கியது. 1982இல் வெளிவந்த 'டிரான்' படத்தில் வேலை செய்தபோது கணினிப் படங்களின் இயந்திரத்தனமான வழவழப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த அதிருப்தியில் பிறந்தது. 1985இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1997இல் ஆஸ்கர் அமைப்பு தொழில்நுட்ப விருது கொடுத்தது. பெரிய அலை ஒன்று, அதன்மேல் பாதி அளவில் இன்னொன்று, அதன்மேல் அதிலும் பாதி என்று அடுக்கிக்கொண்டே போனால் மேகம் கிடைக்கும். பிளெண்டரின் வால்யூம் ஷேடரில் இன்று எல்லோரும் பயன்படுத்துவது இதைத்தான். ஆனால் நாய்ஸுக்குத் திசை தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நெளியும். நெபுலாவுக்குத் திசை உண்டு என்று இவ்வளவு நேரம் பேசினோம். ஆகவே நாய்ஸை அப்படியே வைக்காமல், விண்மீனின் இடத்தை மையமாகக் கொண்டு ஆரத் திசையில் இழுத்து நீட்டுங்கள். விண்மீனை நோக்கிய விளிம்புகளில் ஒளியை ஏற்றுங்கள், கூர்மையாக்குங்கள். மறுபக்கத்தை விட்டுவிடுங்கள். அதே நாய்ஸ்தான், அப்போது தூண் எழுந்து வரும்.

முப்பரிமாணத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உருண்டையான புகைப்பந்தாக நெபுலாவைக் கற்பனை செய்யாதீர்கள். ஓரியன் நெபுலாவின் முப்பரிமாண வடிவத்தை 1995இல் வென், ஓடெல் என்ற இரு ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஒரு மாபெரும் இருண்ட மேகத்தின் நம்மைப் பார்த்த முகப்பில் விண்மீன்கள் குடைந்த குழி அது. நாம் காண்பது அந்தக் குழியின் ஒளிரும் சுவரைத்தான். நியூயார்க்கின் ஹேடன் கோளரங்கத்துக்காக அந்த வடிவத்தை வைத்தே சான் டியாகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தினர் நெபுலாவை உருவாக்கினார்கள். ஒரு பள்ளத்தாக்கை உள்ளிருந்து ஒளியேற்றினால் எப்படியிருக்கும் என்று யோசித்தால் வரைவது எளிதாகிவிடும்.

விண்மீன்களைத் தூவுவதைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. ஒரு கணக்கு போதும். வானத்தில் ஒளி அளவு ஒரு படி குறையும்போதெல்லாம் விண்மீன்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. மிகப் பிரகாசமானவை பதினைந்துக்குச் சற்று முன்பின். அடுத்த படியும் சேர்ந்தால் ஐம்பது. அதற்கடுத்து நூற்றைம்பதுக்கு மேல். நம் படங்களில் நடுத்தர விண்மீன்கள் ஏராளமாகவும் மிக மங்கலானவை குறைவாகவும் இருக்கின்றன. தலைகீழாக மாற்றுங்கள். நிறத்தில் ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, நீலவெள்ளை இருக்கலாம். பச்சை விண்மீன் கிடையாது. தூசி அடர்ந்த இடத்தில் விண்மீன் குறைய வேண்டும், அங்கே தெரிவதும் சிவந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் தவறு நேராதா என்றால், நேரும். விண்வெளி ஓவியத்தின் இரண்டு முன்னோடிகளை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் லூசியன் ருடோ வானியலாளரும்கூட. நிலவின் விளிம்பைத் தொலைநோக்கியில் திரும்பத் திரும்பப் பார்த்து, அதன் மலைகள் மழுங்கி உருண்டவை என்று 1930களிலேயே வரைந்தார். அமெரிக்காவின் செஸ்லி போன்ஸ்டெல் கட்டட வரைஞர். கிரைஸ்லர் கட்டடத்தில் வேலை செய்தவர், 'சிட்டிசன் கேன்' படத்துக்குப் பின்னணி தீட்டியவர். அவருடைய நிலவு மலைகள் ஊசிமுனைகளாக எழுந்தன. அப்போலோ வீரர்கள் இறங்கியபோது ருடோ வரைந்ததே சரி என்று தெரிந்தது. 1944 மே மாதம் 'லைஃப்' இதழில் போன்ஸ்டெல்லின் புகழ்பெற்ற ஓவியம் வெளியானது: டைட்டன் நிலவிலிருந்து பார்த்தால் நீல வானில் சனிக்கோள். 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கியது. அங்கே கனத்த ஆரஞ்சு மூட்டம். நீல வானம் இல்லை.

ஆயினும் போன்ஸ்டெல்லை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். சனி அங்கிருந்து எவ்வளவு பெரிதாகத் தெரியும், ஒளி எந்தக் கோணத்தில் விழும் என்று கணக்குப் போட்டுத்தான் தூரிகையை எடுத்தார். அந்த ஓவியத்தில் அவர் காலத்தில் அறிந்தது எதையும் மீறவில்லை. நிலவு மலைகளில்தான் ருடோவைப் போல் பார்த்ததை நம்பாமல் நாடகத்தை நம்பிவிட்டார். அந்த இரண்டு ஓவியர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த வீடியோ பாடத்தையும்விட அதிகம் கற்கலாம்.

திரைப்படக்காரர்களும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1982இல் வந்த இரண்டாவது 'ஸ்டார் டிரெக்' படத்தின் நெபுலா, நீர்த்தொட்டியில் ரப்பர் பாலைப் பீய்ச்சி, வண்ண விளக்கேற்றி எடுக்கப்பட்டது. 2006இல் வந்த 'தி ஃபவுன்டன்' படத்துக்கு வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கும் காட்சியை நுண்கேமராவில் எடுத்தார்கள். உயிருள்ள அசைவு கிடைத்தது. ஆனால் நீரில் பரவுவது நீரின் விதிப்படிதான் பரவும். விண்மீனை நோக்கி விரல் நீட்டாது. கணினியில் வரைகிறவருக்கு அந்தத் தொட்டி இல்லை என்பது குறையாகாது. விண்மீனை எங்கே வைப்பது என்ற உரிமை அவரிடம் இருக்கிறது.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். ஹபிளின் மூலத் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திறக்க 'ஃபிட்ஸ் லிபரேட்டர்' என்ற மென்பொருளும் இலவசம். கழுகு நெபுலாவின் மூன்று கறுப்பு வெள்ளைக் கோப்புகளை இறக்குங்கள். ஒவ்வொன்றையும் தனியே நேரம் எடுத்துப் பாருங்கள். ஆக்சிஜன் படத்தில் தூண்கள் மூட்டத்துக்கு முன் கருநிழலாக நிற்கும். கந்தகப் படத்தில் விளிம்புகள் எழும். பிறகு நீங்களே நிறம் கொடுத்து இணையுங்கள். வண்ணப் படத்தைப் பார்த்து நகலெடுப்பதைவிட இது பலமடங்கு மேல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்போது வாட்ஸ்அப்பில் தினம் ஒரு விண்வெளிப் படம் 'நாசா வெளியிட்டது' என்ற குறிப்போடு சுற்றுகிறது. பல படங்களை எந்தத் தொலைநோக்கியும் எடுக்கவில்லை. யாரோ வரைந்தவை, அல்லது செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை. பள்ளிப் பிள்ளைகள் அவற்றை உண்மை என்று நம்பிச் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். தொலைநோக்கி நிறுவனங்கள் தங்கள் படத்தோடு எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் கொடுத்தோம் என்பதைக்கூட வெளியிடுகின்றன. நீங்கள் மெய்யைப் போல வரையக் கற்றுக்கொண்டவுடன், உங்கள் படமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் வெளியிடும்போது, இது ஓவியம், இன்ன வாயுவுக்கு இன்ன நிறம் கொடுத்திருக்கிறேன் என்று இரண்டு வரி எழுதி, உங்கள் பெயரையும் போட்டுவிடுங்கள். படத்துக்குள்ளேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் போடுங்கள்.